மெடிக்கல் கடை நண்பர்களுக்கு: அந்தக் கவரில் இடைவெளியையும் எழுதிக் கொடுங்கள்

தமிழ்நாட்டின் மருந்தாளுநர்களுக்கும், மெடிக்கல் கடை நடத்துபவர்களுக்கும், கவுன்டரில் நின்று மருந்து எடுத்துத் தரும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மருந்து எடுத்து, எண்ணி, கவரில் போட்டு, காலை இரவு என்று குறித்துக் கொடுப்பதே என் வாழ்நாள் வேலையாக இருந்தது. உங்கள் வேலையின் நெருக்கடி எனக்குத் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கவுன்டரில் பத்துக் கைகள் ஒரே நேரத்தில் நீளும். அதற்கு நடுவில் இன்னொரு வேலையும் சேர்த்துச் செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கேட்பது இரண்டே விஷயம். சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் மாதிரியான ஆன்டிபயாட்டிக்கைக் கொடுக்கும்போது, கேஸ் மருந்தை இதோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்று வாயால் சொல்லி, கவரிலும் எழுதிக் கொடுங்கள். அப்புறம், ஜெலுசிலோ டைஜீனோ கேட்டு வருகிறவரிடம், “வேறு ஏதாவது மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டிப்ளமோவில் படித்ததுதான். பரீட்சை எழுதிய பிறகு பலருக்கு மறந்துபோகும் பாடம் இது.

நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும் ரோஸ் கலர் மருந்திலும், சப்பிச் சாப்பிடும் மாத்திரையிலும் பெரும்பாலும் இருப்பது அலுமினியம் ஹைட்ராக்சைடும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடும். சிலவற்றில் கால்சியம் கார்பனேட் இருக்கும். சிப்ரோ வகை மருந்துகளின் மூலக்கூறில் இந்த உலோக அயனிகள் வந்து பிடித்துக்கொள்ளத் தோதான இடம் ஒன்று இருக்கிறது. வயிற்றுக்குள் இரண்டும் சந்தித்தால் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துவிடும். அந்தப் பிணைப்பு குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போகாது. மலத்தோடு வெளியேறிவிடும். மாத்திரை வயிற்றுக்குள் போனது உண்மை, ஆனால் கிருமி இருக்கும் இடத்துக்கு அது போய்ச் சேரவே இல்லை.

எவ்வளவு வீணாகும்? சிப்ரோவை அலுமினியம், மெக்னீசியம் கலந்த ஆன்டாசிட்டோடு, அதாவது இந்தக் கேஸ் மருந்தோடு, ஒன்றாக விழுங்கினால், ரத்தத்தில் சேரும் அளவு 85 முதல் 90 சதவீதம் வரைகூடக் குறையலாம். 500 மில்லிகிராம் சிப்ரோவில் வழக்கமாக ஏறத்தாழ 350 மில்லிகிராம் உடம்பில் சேரும் என்று வைத்துக்கொண்டால், ஆன்டாசிட்டோடு சேர்த்து விழுங்கியவருக்கு அதில் 50 மில்லிகிராம் கிடைத்தாலே பெரிய விஷயம். டாக்டர் 500 எழுதியிருக்கிறார், நீங்கள் 500 கொடுத்திருக்கிறீர்கள், அவரும் 500-க்குக் காசு கொடுத்திருக்கிறார். வேலை செய்வது அதில் பத்தில் ஒரு பங்கு.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. டாக்சிசைக்ளின் சேர்ந்த டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின் 1948-ல் வெளிவந்தது. அதைக் கண்டெடுத்தவர் பெஞ்சமின் டகர். அவர் வேலை பார்த்த லெடர்லி ஆய்வுக்கூடத்துக்கு ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அந்த மருந்து சாப்பிட்டவர்களுக்கு வயிற்றைப் புரட்டியது. அதைத் தணிக்க அலுமினியம் ஹைட்ராக்சைடு ஜெல்லைச் சேர்த்துக் கொடுத்தார்கள். கொடுத்ததும் ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கிவிட்டது. 1950-லேயே இதை எழுதி வெளியிட்டுவிட்டார்கள். ஆன்டிபயாட்டிக் வயிற்றைப் படுத்தும், அதற்கு ஒரு கேஸ் மருந்து சேர்ப்போம் என்ற அதே யோசனை, முக்கால் நூற்றாண்டு கழித்தும் நம் கவுன்டர்களில் அப்படியே நடந்துகொண்டிருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறுநீர்த் தொற்று, குளிர்காய்ச்சல். சிப்ரோ ஆரம்பித்து நான்கைந்து நாள் ஆகியும் எரிச்சல் அடங்கவில்லை, ராத்திரியானால் உடம்பு கொதிக்கிறது என்று மகள் கூட்டி வந்திருந்தாள். கையில் கல்ச்சர் ரிப்போர்ட், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்த்த சோதனை முடிவு. ஈ.கோலை கிருமி, சிப்ரோவுக்கு நேரே கொட்டை எழுத்தில் ‘எஸ்’. அதாவது இந்தக் கிருமி இந்த மருந்துக்குக் கட்டுப்படும். மருந்து சரி, அளவு சரி, ஒரு வேளைகூட விடவில்லை. அட்டையில் காலியான குழிகளை மகள் எண்ணிக் காட்டினாள். ஊசிக்கு மாற்றிவிடலாமா என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தார். “மாத்திரையை எப்படிப் போடுறீங்க பாட்டி?” என்று கேட்டேன். “மாத்திரை போட்டா வயிறு எரியுதுன்னு மெடிக்கல்ல ரோஸ் கலர் மருந்து குடுத்தாங்க கண்ணு. அதை ரெண்டு மூடி குடிச்சிட்டு, அதுக்கு மேலயே மாத்திரையைப் போட்டுக்குவேன். அப்பத்தான் வயித்தப் புடிக்காது” என்றார். டாக்டரிடம் சொன்னேன். அவர் மாத்திரையை மாற்றவில்லை, நேரத்தை மட்டும் மாற்றினார். அடுத்த முறை வந்தபோது காய்ச்சல் இல்லை. ஊசிக்கு அவசியமே வரவில்லை.

அந்தப் பாட்டியின் சீட்டில் ஜெலுசில் இல்லை. டாக்டர் எழுதியது சிப்ரோ மட்டும்தான். ரோஸ் கலர் மருந்து பின்னால் கடையில் வந்து சேர்ந்தது. டாக்டருக்குத் தெரியாது, மகளுக்கும் தெரியாது. இரண்டும் ஒரே வயிற்றுக்குள் போகப்போகிறது என்று தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அந்தக் கவுன்டரில் நின்றவர்தான். அதனால்தான் இந்த மடலை டாக்டர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

சீட்டிலேயே இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. வயிற்றுப்போக்கு என்று போனால் ஆஃப்ளாக்சசின்–ஆர்னிடசோல், கூடவே ஒரு ஆன்டாசிட் சிரப், அதோடு ஜிங்க் சேர்ந்த சத்து மாத்திரை. மூன்றுக்கும் ‘1-0-1’, மூன்றுக்கும் ‘சாப்பாட்டுக்குப் பின்’. நோயாளி என்ன செய்வார்? டிபன் முடித்ததும் மூன்றையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்குவார். எழுதியபடியே செய்திருக்கிறார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஜிங்க், இரும்பு, கால்சியம் எல்லாமே இந்த மருந்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உலோகங்கள்தான் என்பதை நினைவில் வையுங்கள். ஆன்டிபயாட்டிக் உடம்பை அசத்தும், சத்து மாத்திரை போட்டால் தெம்பாக இருக்கும் என்று ஆசையாகச் சேர்க்கும் மாத்திரையே மருந்தைத் தின்றுவிடும்.

சுக்ரால்ஃபேட் சிரப்பையும் இதே கணக்கில் சேருங்கள். அல்சருக்கு என்று கொடுப்பதால் அதை யாரும் ஆன்டாசிட் என்று நினைப்பதில்லை. அதற்குள் இருப்பதும் அலுமினியம்தான், சிப்ரோ வகை மருந்துகளை அது மிகக் கடுமையாகத் தடுக்கும். வயிற்றை மரத்துப்போகச் செய்ய ஆக்சிடகைன் சேர்த்து வரும் ஜெல் மருந்துகளிலும் பெரும்பாலும் அலுமினியமும் மெக்னீசியமும் இருக்கின்றன. பெயரையும் நிறத்தையும் நம்பாமல், பாட்டிலைத் திருப்பி உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை படித்துவிட்டால் போதும், பிறகு மறக்காது.

பாலையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் மாத்திரை என்றாலே சூடு. சூட்டைத் தணிக்க ஒரு டம்ளர் பால், இல்லாவிட்டால் மோர், கெட்டித் தயிர். குழந்தைக்குக் கசக்கும் மாத்திரையை நசுக்கிப் பாலில் கரைத்தே கொடுத்துவிடுவார்கள். டெட்ராசைக்ளினைப் பாலோடு விழுங்கினால் பாதி அளவோ அதற்கு மேலோ வீணாகும். சிப்ரோவையும் சாப்பாடு இல்லாமல் வெறும் பாலோடோ தயிரோடோ விழுங்கினால் கணிசமாகக் குறையும். டாக்சிசைக்ளினுக்குப் பாலின் பாதிப்பு அவ்வளவு இல்லை, ஆனால் ஆன்டாசிட்டின் பாதிப்பு பெரிது. “மாத்திரையைப் பச்சைத் தண்ணில போடுங்க, பால் மோர் எல்லாம் ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குடிங்க” என்று சொன்னால் யாரும் தட்டமாட்டார்கள். சூடு என்ற நம்பிக்கையோடு நாம் சண்டை போட வேண்டாம், நேரத்தை மட்டும் மாற்றிச் சொன்னால் போதும்.

சரி, எவ்வளவு இடைவெளி? இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. எது முதலில் போகிறது என்பதைப் பொறுத்து இடைவெளி மாறும். ஆன்டிபயாட்டிக் முதலில் போனால், இரண்டு மணி நேரத்துக்குள் அதில் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்பட்டுவிடும். அதற்குப் பிறகு ஜெலுசில் குடித்தால் அவ்வளவு கெடுதல் இல்லை. ஜெலுசில் முதலில் போய்விட்டால் உலோகம் வயிற்றிலும் குடலிலும் வெகுநேரம் தங்கி, பின்னால் வரும் மாத்திரையைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் சிப்ரோவை ஆன்டாசிட்டுக்கு 2 மணி நேரம் முன்பு, அல்லது ஆன்டாசிட் குடித்து 6 மணி நேரம் கழித்து என்று வைத்திருக்கிறார்கள். மாக்சிஃப்ளாக்சசினுக்கு இன்னும் கூடுதல், 4 மணி நேரம் முன்பு அல்லது 8 மணி நேரம் பின்பு. லீவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசினுக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம்.

இதை நோயாளியிடம் இப்படியே ஒப்பித்தால் அவருக்குத் தலை சுற்றும். ஒரு நாளின் மேல் வைத்துப் பார்த்தால் சுலபம். சிப்ரோ காலை 8, இரவு 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் கழித்து 10 மணி. இரவு மாத்திரைக்கு ஆறு மணி நேரம் முன்னால் 2 மணி. ஆக பகலில் 10 முதல் 2 வரை ஜெலுசில் குடிக்கலாம். மத்தியானச் சாப்பாடு அதற்குள்தான் வரும். ராத்திரி 10 மணிக்குப் படுக்கப் போகும்போது இன்னொரு தடவை குடிக்கலாம். காலையில் எழுந்ததும் குடிப்பதையும், சாயங்காலம் காபி குடித்துவிட்டு நெஞ்சு கரிக்கிறது என்று குடிப்பதையும் மட்டும் ஆன்டிபயாட்டிக் முடியும்வரை விட்டுவிட வேண்டும். “மத்தியானம் சாப்பிட்டதும் ஒண்ணு, ராத்திரி படுக்கும்போது ஒண்ணு, மத்த நேரம் வேண்டாம்” என்றால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் மனதில் நிற்கும்.

டாக்சிசைக்ளினைப் பற்றிக் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும், நம் ஊரில் அதற்கு உள்ள இடம் அப்படி. மழைக்காலம் முடிந்ததும் உண்ணிக் காய்ச்சலும் எலிக் காய்ச்சலும் வரும். இரண்டுக்கும் விலை மலிவான, நன்றாக வேலை செய்யும் மருந்து டாக்சிசைக்ளின். உண்ணிக் காய்ச்சலைச் சரியான நேரத்தில் பிடிக்காவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் பாதிக்கப்பட்டு ஆளையே கொண்டுபோய்விடும். இந்த மாத்திரையில் ஒரு சங்கடம் உண்டு. தண்ணீர் போதாமல் விழுங்கினாலோ, விழுங்கிய உடனே படுத்தாலோ, உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். நெஞ்சு எரியும். நெஞ்செரிச்சல் என்றதும் ஜெலுசில். ஜெலுசில் போனதும் டாக்சிசைக்ளின் போய்ச் சேராது. காய்ச்சல் இறங்காது. இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுத்துவிடலாம். ராத்திரி மாத்திரையைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள். எரிச்சலே வராவிட்டால் ஜெலுசிலுக்கு வேலையே இல்லை. இன்னொன்று, டாக்சிசைக்ளின் ரத்தத்தில் சேர்ந்த பிறகும் ஒரு பகுதி பித்தநீர் வழியாக மறுபடி குடலுக்கு வந்து போகும். அப்போது அங்கே அலுமினியம் இருந்தால் அதையும் பிடித்துக்கொள்ளும். அதனால் இந்த மருந்துக்கு இடைவெளியைவிட, அந்தச் சில நாளைக்கு ஆன்டாசிட்டையே தள்ளி வைப்பது நல்லது.

காசநோய் மருந்துக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம், தினமும், வெறும் வயிற்றில் மாத்திரை. முதல் சில வாரங்கள் குமட்டலும் வயிற்றெரிச்சலும் நிறையப் பேருக்கு வரும். அரசு மருந்து இலவசம், ஆனால் எரிச்சலுக்கு அவர் வருவது பக்கத்துத் தெரு மெடிக்கலுக்கு. தனக்கு டி.பி. என்று சொல்ல அவருக்குக் கூச்சம். “வயித்தெரிச்சல், ஏதாவது குடுங்க” என்று மட்டும் கேட்பார். அலுமினியம் கலந்த ஆன்டாசிட் ஐசோனயசிட்டையும் எத்தாம்பியூட்டாலையும் குறைக்கும். ரிஃபாம்பிசினையும் ஆன்டாசிட் குடிப்பதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே விழுங்கிவிட வேண்டும். எத்தாம்பியூட்டால் விழுங்கிய பிறகு நான்கு மணி நேரம் அலுமினியம் பக்கம் போகக் கூடாது. காசநோய்க்கான நான்கு மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரையாக விழுங்குபவருக்கு அந்த நான்கு மணி நேரத்தையே கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக் கொடுக்கும் லீவோஃப்ளாக்சசினும் மாக்சிஃப்ளாக்சசினும் நான் முதலில் சொன்ன அதே குடும்பம். ஆறு மாதச் சிகிச்சையில் பாதி மருந்து குடலிலேயே நின்றுபோனால், மிச்சமிருக்கும் கிருமி சும்மா இருக்காது. குறைந்த அளவு மருந்தில் பிழைத்துக்கொள்ளப் பழகும். அப்புறம் அவர் இருமும்போது வீட்டில் இருப்பவர்களுக்குப் போவதும் அந்தப் பழகிய கிருமிதான். “வேற ஏதாவது தினமும் மாத்திரை போடுறீங்களா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று தாழ்ந்த குரலில் கேளுங்கள். பக்கத்தில் நிற்பவர் காதில் விழாமல் கேளுங்கள். சொல்வார்கள்.

எல்லாக் கேஸ் மாத்திரையும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ரபிபிரசோலில் உலோகம் கிடையாது. அவை அமிலம் சுரப்பதையே குறைப்பவை, சிப்ரோவையோ டாக்சிசைக்ளினையோ பிடித்து வைப்பதில்லை. உண்மையிலேயே வயிற்றுக்குத் துணை வேண்டியவருக்கு, டாக்டரைக் கேட்டு அந்தப் பக்கம் போகலாம். ஆனால் அதற்கும் ஒரு எதிர்ப்பக்கம் உண்டு. செஃப்போடாக்சிம், செஃப்யூராக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் வயிற்றில் அமிலம் இருந்தால்தான் நன்றாகக் கரைந்து சேரும். அமிலத்தைக் குறைக்கும் எந்த மருந்தும், ஆன்டாசிட்டானாலும் சரி, பான்டோபிரசோலானாலும் சரி, அவற்றைப் பாதிக்கும். செஃப்போடாக்சிம்மும் பான்டோபிரசோலும் ஒரே சீட்டில் வருவதை நீங்கள் வாரம் முழுக்கப் பார்ப்பீர்கள். சீட்டை நீங்களாக மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. டாக்டருக்கு ஒரு போன் போட்டு, “சார், இது ரெண்டும் சேர்ந்தா மருந்து கொஞ்சம் குறையுமே, பான் கட்டாயம் வேணுமா?” என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் யோசித்துவிட்டு, “சரி, நிறுத்திடுங்க” என்ற டாக்டர்கள் நிறையப் பேர்.

அமாக்சிசிலினுக்கு இந்தத் தொல்லை இல்லை. செஃபிக்சிம்முக்கும் ஆன்டாசிட்டால் பெரிய பாதிப்பு இல்லை. அசித்ரோமைசினில் ரத்தத்தில் ஏறும் உச்ச அளவு கொஞ்சம் குறையுமே தவிர மொத்தமாகச் சேரும் அளவு மாறாது, ஆனாலும் ஒன்றாக விழுங்காமல் இருப்பது நல்லது. ஈனோ மாதிரியான சோடா உப்புப் பொடியில் இந்த உலோகங்கள் இல்லை. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், எல்லாவற்றுக்கும் பயமுறுத்தினால் மக்கள் எதையும் கேட்கமாட்டார்கள். பயந்து ஆன்டிபயாட்டிக்கையே பாதியில் நிறுத்திவிட்டால் அது இன்னும் மோசம்.

உங்கள் பக்கத்து வாதங்கள் எனக்குத் தெரியும். நேரம் இல்லை என்பீர்கள். “இதையும் கேஸ் மருந்தையும் ஒண்ணாப் போடாதீங்க, மொதல்ல இதைப் போட்டுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு அதைக் குடிங்க” என்று சொல்ல மூச்சு ஒன்று போதும். சொன்னால் ஜெலுசில் விற்காது என்பீர்கள். விற்கும், குடிக்கும் நேரம்தான் மாறும். டாக்டர் சொல்ல வேண்டியதை நான் ஏன் சொல்வது என்று கேட்பீர்கள். 2015-ல் வந்த மருந்தகப் பணி ஒழுங்குமுறைகளில், மருந்து கொடுக்கும்போது நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை உங்கள் பொறுப்பாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். லீவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின், செஃப்போடாக்சிம், ரிஃபாம்பிசின் எல்லாம், தனிப் பதிவேடு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான எச்1 அட்டவணையில் இருப்பவை. யாருக்கு, எந்த டாக்டர் சீட்டில், எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்று பதிவேட்டில் எழுதுகிறோம். ஆய்வாளர் வந்தால் காட்ட அந்த வரி வேண்டும். அதே பேனாவால் கவரிலும் ஒரு வரி எழுதுவது பெரிய பாரம் இல்லை.

கவரைப் பற்றித்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். நாம் கொடுக்கும் அந்தச் சின்னக் காகிதக் கவரில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் இருக்கும். சில கவர்களில் சூரியன், நிலா படம்கூட இருக்கும். ‘சா.மு’, ‘சா.பி’ என்று சாப்பாட்டுக்கு முன், பின் குறிக்க இடம் இருக்கும். ஒரு மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள உறவைச் சொல்ல அதில் இடம் உண்டு. ஒரு மருந்துக்கும் இன்னொரு மருந்துக்கும் உள்ள உறவைச் சொல்ல இடமே இல்லை. பிரிட்டனில் இந்த வகை மாத்திரை கொடுக்கும்போது, ‘இதைச் சாப்பிடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் அஜீரண மருந்து, இரும்புச்சத்து, ஜிங்க் மருந்து சாப்பிடாதீர்கள்’ என்ற எச்சரிக்கை வரியை லேபிளிலேயே அச்சடித்து ஒட்டுகிறார்கள். பாலையும் தவிர்க்க வேண்டிய மருந்தானால் அதையும் சேர்த்து எழுதுகிறார்கள். மருந்தாளுநரின் நினைவாற்றலை நம்பி விடுவதில்லை.

நம்மால் முடியாதா? மாவட்ட மருந்து வணிகர் சங்கங்கள் கவர்களை மொத்தமாக அச்சடிக்கும்போது ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். ‘கேஸ் மருந்து, பால், சத்து மாத்திரையோடு சேர்க்க வேண்டாம்: ___ மணி நேரம் இடைவெளி.’ கோடிட்ட இடத்தில் நீங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். தேவையில்லாத மருந்துக்கு அந்த வரியை அடித்துவிடலாம். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருந்து கொடுக்கும் இடங்களுக்கும், 2025-ல் திறந்த முதல்வர் மருந்தகங்களுக்கும் இதே வரியை அச்சடிக்கச் சொல்லி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் உத்தரவிட்டால், மாநிலம் முழுக்க ஒரே பேச்சாக இருக்கும். இந்த மடலை அவர்கள் பார்வைக்கும் கொண்டு போங்கள் என்று சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்ய ஆகும் செலவு பெரிதல்ல. கவுன்டரில் ஜெலுசில், டைஜீன் பாட்டில்கள் அடுக்கியிருக்கும் தட்டின் ஓரத்தில், ‘வேறு மாத்திரை உண்டா என்று கேள்’ என்று ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள். அது வாடிக்கையாளருக்கு அல்ல, உங்கள் கடைப் பையனுக்கு. மருந்தாளுநர் சாப்பிடப் போன அரை மணி நேரத்தில் பாட்டிலை எடுத்து நீட்டுவது அந்தப் பையன்தான். அவனுக்கு மூலக்கூறு, அயனி எல்லாம் தெரிய வேண்டாம். கேள்வி தெரிந்தால் போதும். “ஆமா, ஆன்டிபயாட்டிக் போடுறேன்” என்று பதில் வந்தால், “கொஞ்சம் இருங்க, அண்ணனைக் கூப்பிடுறேன்” என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

கடைசியாக, கவரைப் படிக்கத் தெரியாதவர்களுக்காக. அவர்களுக்கு மணிக்கணக்கு சொல்லாதீர்கள். ஆன்டிபயாட்டிக்கையும் ஆன்டாசிட்டையும் தனித்தனிக் கவரில் போடுங்கள். ஒன்றில் ரப்பர் பேண்ட் சுற்றுங்கள். “ரப்பர் போட்டது மொதல்ல, காலைல பல்லு வெளக்கிட்டு. மத்தது மத்தியானம் சோறு தின்ன பொறவு” என்று அவர்கள் பேச்சிலேயே சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். தப்பாகச் சொன்னால் இன்னொரு தடவை சொல்லிக் கொடுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால், அவர் முறை வரும்போது அவருக்கும் இதே மாதிரி நின்று சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருத்தி